வடசென்னையிலிருந்து மிஷன் போகும் பிள்ளைக்கு

பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபைக்காக இளைஞர்கள் சில காலம் செய்யும் ஊழியத்தைத்தான் நாம் மிஷன் என்கிறோம். அப்படி மிஷன் போகும் பிள்ளைக்கு முதல் சிக்கல் பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரிலேயே ஆரம்பிக்கிறது. நம் பக்கம் எல்லோரும் இனிஷியலோடு வளர்ந்தவர்கள். பள்ளிச் சான்றிதழில் 'ஆர். சாமுவேல்', ஆதாரில் 'சாமுவேல் ஆர்' என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் இனிஷியல் கூடாது, விரித்து எழுத வேண்டும். அப்பா பெயர் ராஜேந்திரன் என்றால் அது குடும்பப் பெயர் கட்டத்தில் போய் உட்காரும். நம் சபையின் ஊழியர் சட்டையில் குத்திக்கொள்ளும் கறுப்பு அட்டையில் வருவதும் குடும்பப் பெயர்தான்: 'எல்டர் ராஜேந்திரன்'. எல்டர் என்பது ஆண் ஊழியரை அழைக்கும் பட்டம். இரண்டு வருடம் அவனை யாரும் சாமுவேல் என்று கூப்பிடப் போவதில்லை. அப்பா சபைப் பக்கமே வராதவராக இருக்கலாம். ஆனாலும் மணிலாவிலோ மான்செஸ்டரிலோ வாசலுக்கு வாசல் அவர் பெயர்தான் சொல்லப்படும். இதை அவரிடம் முன்பே உட்கார்ந்து சொல்லிவிடுங்கள்.

குடும்பப் பெயர் கட்டத்தைக் காலியாக விட்டு பாஸ்போர்ட் எடுத்துவிட்டால் அவஸ்தை. அமெரிக்க விசாவில் பையனுடைய சொந்தப் பெயர் குடும்பப் பெயராக ஏறிவிடும். முதற்பெயர் இருக்கும் இடத்தில் 'முதற்பெயர் தெரியாது' என்பதன் சுருக்கம் அச்சாகும். ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டில் விசிட் விசாவில் வருகிறவர்களை ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரிலிருந்து பொதுவாக அனுமதிப்பதில்லை. பிறப்புச் சான்றிதழையும் இப்போதே எடுத்துப் பாருங்கள். நம் பகுதியில் பலருக்கு அதில் குழந்தையின் பெயர் கட்டமே வெறுமையாக இருக்கும்; ஆஸ்பத்திரியில் பதிந்ததோடு விட்டிருப்பார்கள். தண்டையார்பேட்டை, ராயபுரம், திரு.வி.க. நகர் என்று உங்கள் மாநகராட்சி மண்டலம் எதுவோ, அந்த அலுவலகத்தில் கேட்டு முடிக்க வேண்டிய வேலை இது. விசாவுக்குக் காவல்துறை நற்சான்று கேட்கும் நாடுகள் உண்டு. ஆதாரில் வியாசர்பாடி முகவரி, குடியிருப்பது கொடுங்கையூரில் வாடகைக்கு என்றால் விசாரணைக்கு வரும் காவலர் ஆளைக் காணாமல் திரும்பிப்போவார், விண்ணப்பம் அங்கேயே நிற்கும். வீடு மாறிய உடனே முகவரியை மாற்றுங்கள். இந்த மூன்றையும் சரிசெய்ய ஆறு மாதம் ஒதுக்குவது நல்லது.

மிஷன் என்பதை நம் மக்கள் மேடைப் பேச்சாகக் கற்பனை செய்கிறார்கள். உண்மையில் அது ஒரு தினசரி வாழ்க்கை. காலை ஆறரைக்கு எழுந்து, படித்து, நடந்து, சமைத்து, துவைத்து, இன்னொரு பிள்ளையோடு ஒரே அறையில் படுத்து எழுவது. அதில் தேறும் பிள்ளை ஊழியத்திலும் தேறும். வேதவசனம் மனப்பாடமாகத் தெரிந்தும் ஒரு குக்கர் வைக்கத் தெரியாத பையன் இரண்டாவது மாதத்திலேயே சோர்ந்துபோவான். ஆகையால் ஞாயிறு வகுப்பை விட வீட்டுச் சமையலறையும் வீட்டுக் கடிகாரமும்தான் பெரிய பயிற்சி என்பது என் உறுதியான கருத்து.

விதிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆண்களுக்கு 24 மாதம், பெண்களுக்கு 18 மாதம். 2012 அக்டோபரில் ஆண்களுக்குக் குறைந்தபட்ச வயது 19லிருந்து 18 ஆகவும், பெண்களுக்கு 21லிருந்து 19 ஆகவும் குறைந்தது. அதற்குப் பிறகும் மாற்றம் வந்திருப்பதால் பெண்பிள்ளைகள் இன்றைய விதியை உள்ளூர்ச் சபையை நடத்தும் கிளைத் தலைவரிடம் கேட்டுக்கொள்ளவும். புதிதாக ஞானஸ்நானம் எடுத்தவர்கள் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். கடன் இருக்கக் கூடாது, இருந்தால் அடைக்க ஏற்பாடு இருக்க வேண்டும். கல்விக் கடன் வாங்கிய வீடுகள் இதைக் கவனிக்கவும். முதலில் கிளைத் தலைவர் அல்லது பிஷப்போடு நேர்காணல், அடுத்து அவருக்கு மேலுள்ள தலைவரோடு இன்னொன்று. மறைக்காமல் பதில் சொல்ல வேண்டிய இடம் இது. பழைய தவறு ஏதாவது இருந்தால் இங்கே சொல்லிச் சரிசெய்ய வழி இருக்கிறது. மறைத்துப் போனால் அங்கே போய் மனசு உறுத்தி, பாதியில் திரும்பும் நிலை வரும். படிவங்கள் எல்லாம் ஆன்லைனில். எந்த ஊர், எந்த மொழி என்பதைச் சபையின் இன்றைய தலைமைக் குழுவான பன்னிரு அப்போஸ்தலர்களில் ஒருவர் ஒதுக்குவார், அழைப்புக் கடிதம் சபைத் தலைவர் கையெழுத்தோடு மின்னஞ்சலில் வரும்.

ஊரை நாம் கேட்டு வாங்க முடியாது. இதில்தான் வீடுகளில் ஏமாற்றம் வருகிறது. 'ஃபாரின்' என்று அக்கம்பக்கம் முழுக்கச் சொல்லிவைத்திருப்பார்கள். கடிதத்தைத் திறந்தால் பெங்களூரு மிஷன், அதாவது பெங்களூரை மையமாகக் கொண்ட ஊழியப் பகுதி, என்று இருக்கும். 1993இல் தொடங்கிய பெங்களூரு மிஷனுக்கும், 2007இல் தொடங்கிய புது தில்லி மிஷனுக்கும் நம் நாட்டுப் பிள்ளைகள் நிறையத் தேவை. உள்நாட்டு அழைப்பு இரண்டாந்தரம் என்று நினைப்பது பெரிய தவறு. தெலுங்கும் இந்தியும் கற்றுக்கொண்டு திரும்பும் பிள்ளைக்கு அது வாழ்நாள் சொத்து. இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெளிநாடு போனால் அப்படியே செட்டில் ஆகிவிடலாம் என்று எந்தப் பெற்றோரும் மனக்கணக்குப் போடக் கூடாது. அது மத ஊழியருக்கான விசா. சம்பள வேலை செய்யக் கூடாது, காலம் முடிந்ததும் திரும்ப வேண்டும். அந்த ஊரில் மாமா மகன் இருக்கிறான் என்பதற்காக அவன் வீட்டில் போய்த் தங்கவும் முடியாது.

இந்தப் போக்குவரத்து ஒரு காலத்தில் எதிர்த்திசையில் நடந்தது. 1849இல் சபையின் தலைமையிடமான அமெரிக்காவின் சால்ட் லேக்கில் ஞாயிறு பள்ளியைத் தொடங்கிய ரிச்சர்ட் பாலன்டைன் 1853இல் மெட்ராஸ் வந்து இறங்கினார். பணப்பை எடுத்துக்கொள்ளாமல் போவதே அன்றைய வழக்கம். ஏறத்தாழ ஒரு வருடம் இங்கே இருந்து, ஒரு சிறு பத்திரிகையும் அச்சிட்டு, விரல்விட்டு எண்ணக்கூடிய சிலருக்கு ஞானஸ்நானம் கொடுத்து, உடல்நலம் கெட்டுத் திரும்பினார். அதற்கு நூறு வருடம் கழித்து, கோயம்புத்தூர்க்காரரான பால் திருத்துவதாஸ் ஒரு துண்டுப் பிரசுரம் வழியாகச் சபையை அறிந்து, 1965இல் ஞானஸ்நானம் எடுத்து, பள்ளிகள் நடத்தினார். பைபிளோடு சபை வேதமாகக் கருதும் மார்மன் புஸ்தகத்தின் தேர்ந்தெடுத்த பகுதிகள் தமிழில் 1982இல் வந்தன. 2018இல் தலைவர் ரஸ்ஸல் நெல்சன் 'மார்மன் சபை' என்ற பட்டப்பெயரை விட்டுவிட்டு முழுப் பெயரைச் சொல்லும்படி கேட்டார். ஊழியர்கள் தங்களை அப்படித்தான் அறிமுகம் செய்துகொள்ள வேண்டும்.

இன்று பணப்பை இல்லாமல் யாரும் போவதில்லை. அமெரிக்கக் குடும்பங்கள் 2020 ஜூலையிலிருந்து மாதம் 500 டாலர் கட்டுகின்றன, பிள்ளை டோக்கியோவில் இருந்தாலும் கானாவில் இருந்தாலும் தொகை ஒன்றுதான். நம் நாட்டில் குடும்பத்தின் சக்திக்கு ஏற்ப எவ்வளவு என்று தலைவரோடு பேசி முடிவாகும், மீதியை மிஷனரி நிதி ஏற்கும். ஒரு ரூபாயும் கொடுக்காமல் போகலாமா என்று கேட்காதீர்கள். மூர் மார்க்கெட்டில் பகுதி நேர வேலை பார்த்தாவது பிள்ளை தன் பங்கைச் சேர்க்கட்டும். தான் உழைத்த காசில் போகிறவன் நேரத்தை வீணாக்க மாட்டான். அங்கே வாடகையை மிஷன் அலுவலகம் பார்த்துக்கொள்ளும். சாப்பாடு, பஸ், சோப்பு ஆகியவற்றுக்கு மாதாமாதம் அட்டையில் பணம் ஏறும். அது சம்பளம் கிடையாது, வீட்டுக்கு அனுப்பவும் கூடாது. முதல் மாதத்தில் நிறையப் பேர் இருபதாம் தேதிக்கே கையைப் பிசைவார்கள். வெளிச் சாப்பாடுதான் காரணம்.

மருத்துவப் படிவத்தைத் தள்ளிப்போடாதீர்கள். டாக்டருக்கு ஒன்று, பல் மருத்துவருக்கு ஒன்று. ஞானப்பல் வளைந்து முளைத்திருந்தால் இங்கேயே எடுத்துவிடுங்கள். வெளிநாட்டில் பல் வலி வந்தால் செலவும் பெரிது, வேலையும் கெடும். கண்ணாடி போடுகிறவர்கள் இரண்டு ஜோடி செய்துகொள்ளவும். காசநோய்ப் பரிசோதனையில் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அடிக்கடி ஒரு குழப்பம் வரும். பிறந்ததும் போட்ட பி.சி.ஜி. ஊசியால், நோய் இல்லாமலேயே தோலில் போடும் சோதனை வீங்கிப் 'பாசிட்டிவ்' காட்டலாம். பயப்பட வேண்டாம், ஐ.ஜி.ஆர்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனையை பி.சி.ஜி. பாதிக்காது. அதையும் மார்பு எக்ஸ்ரேயையும் வைத்து டாக்டர் எழுதிக் கொடுப்பார்.

ஆப்பிரிக்காவிலோ தென் அமெரிக்காவிலோ மஞ்சள் காய்ச்சல் உள்ள நாட்டுக்கு அழைப்பு வந்தால் நமக்கு ஒரு வசதி: தடுப்பூசி போடும் துறைமுகச் சுகாதார அலுவலகம் ராஜாஜி சாலையிலேயே இருக்கிறது. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும் போடுகிறார்கள். தினமும் போடுவார்கள் என்று நம்பிப் போகாமல் நாளையும் நேரத்தையும் முன்பே உறுதிசெய்யவும். ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்று செல்லும். புறப்படும் வாரத்தில் போட்டுப் பயனில்லை. 2016 ஜூலையிலிருந்து அந்தச் சான்று ஆயுளுக்கும் செல்லும். அந்த மஞ்சள் அட்டையைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்துவைக்க வேண்டும். அது இல்லாமல் அந்த நாடுகளிலிருந்து திரும்பினால் நம் விமான நிலையத்திலேயே ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி விடுவார்கள்.

மன அழுத்தத்துக்கு மருந்து சாப்பிட்டிருந்தால் அதையும் படிவத்தில் எழுதுங்கள். 'எழுதினால் அனுப்ப மாட்டார்கள்' என்று மறைப்பவர்கள்தான் கடைசியில் அதிகம் கஷ்டப்படுகிறார்கள். எழுதினால் டாக்டர் வசதி உள்ள இடமாகப் பார்த்து அனுப்ப முடியும். முழுநேரம் வெளியூர் போக உடம்பு இடம் கொடுக்காதவர்களுக்கு வீட்டிலிருந்தே செய்யும் சேவை மிஷனும் இருக்கிறது. அதுவும் மிஷன்தான்.

பெட்டி கட்டும் விஷயத்துக்கு வருகிறேன். அழைப்போடு அந்த மிஷனுக்கான உடைப் பட்டியல் வரும், அதற்கு மேல் எதுவும் வாங்காதீர்கள். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் வெள்ளைச் சட்டை எட்டு, அடர் நிற பேன்ட் நாலைந்து வாங்கிவிடலாம். சுத்தப் பருத்தியாக வாங்காமல் பாலியஸ்டர் கலந்ததாகப் பாருங்கள். துவைத்து உதறிக் காயப்போட்டால் இஸ்திரி இல்லாமல் போடலாம். வெயிலில் காலர் கறுக்கும். படுக்கப் போகும் முன் காலரில் மட்டும் சோப்பு தேய்த்து வைக்கும் பழக்கம் இருந்தால் சட்டை ஒரு வருடம் தாங்கும். ஷூவில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. நாள் முழுக்க நடக்கும் வேலை, ஒட்டுப்போட்ட சோல் மழையில் வாயைப் பிளக்கும். தைத்த சோல் உள்ளதாக இரண்டு ஜோடி வாங்கி மாற்றி மாற்றிப் போட வேண்டும். புறப்படும் முன் ஒரு மாதம் அதைப் போட்டுக்கொண்டு பெரம்பூருக்கும் மூலக்கடைக்கும் நடந்து பழகட்டும். குளிர் நாடென்றால் கோட்டு இங்கே வாங்க வேண்டாம். நம் கடைகளில் விற்பது ஊட்டிக்குப் போதும், பனி விழும் ஊருக்குப் போதாது. அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம். 2018 டிசம்பரிலிருந்து சிஸ்டர்கள், அதாவது பெண் ஊழியர்கள், பேன்ட் போடவும் அனுமதி உண்டு. சில பகுதிகளில் ஆண்களுக்கு டை இல்லாமல் இளநீலச் சட்டையும் சரி என்று வைத்திருக்கிறார்கள், அது பட்டியலிலேயே இருக்கும்.

பருப்புப் பொடி, ரசப் பொடி, சாம்பார் பொடி கொடுத்துவிடலாம். காசிமேட்டுக் கருவாட்டை எந்த அம்மாவும் பெட்டியில் வைக்க வேண்டாம். ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் உணவுப் பொருள் எதுவாக இருந்தாலும் இறங்கும்போது படிவத்தில் எழுதிக் காட்ட வேண்டும், மறைத்தால் அபராதம். அப்படியே உள்ளே போனாலும் பொரிக்கும் அன்று கட்டிடம் முழுக்கக் கதவைத் தட்டும்.

புறப்படும் முன் தலைவர் தலைமேல் கை வைத்து ஜெபித்து ஊழியத்துக்குப் பிரித்து நியமிப்பார். அந்த நிமிடத்திலிருந்தே விதிகள் பொருந்தும். அன்றிரவு நண்பர்களோடு படத்துக்குப் போவது நடக்காது. பயிற்சியின் முதல் பகுதி வீட்டிலிருந்தே வீடியோவில் நடக்கும். இது நம் வீடுகளுக்குச் சோதனையான வாரம். ஒரே அறை, பக்கத்து வீட்டு டிவி, தெருவில் குழாயடிச் சத்தம். தெரிந்த ஒருவரின் மாடி அறையையோ சபைக் கட்டிடத்தையோ முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு பயிற்சி மையம். ஆசியப் பிள்ளைகள் பெரும்பாலும் மணிலா மையத்துக்குப் போகிறார்கள். ஏற்கெனவே தெரிந்த மொழியில் ஊழியம் என்றால் இரண்டு வாரம் போல, புது மொழி என்றால் ஆறு வாரத்துக்கு மேலும் ஆகும்.

வழக்கமான நாள் இப்படி: ஆறரைக்கு எழுந்து அரைமணி நேர உடற்பயிற்சி, குளியல், சாப்பாடு. பிறகு தனியாக வேதம் படிப்பது, கூடவே இருக்கும் துணை ஊழியரோடு சேர்ந்து படிப்பது, மொழிப் பயிற்சி. அன்றைய திட்டத்தைப் பார்த்துவிட்டு வெளியே கிளம்பினால் இரவுதான் திரும்புவது. பத்தரைக்கு விளக்கு அணைய வேண்டும். ஊருக்கு ஏற்றபடி மிஷன் தலைவர் கொஞ்சம் மாற்றுவார். வாரத்தில் ஒரு நாள் ஆயத்த நாள்: துவைப்பது, காய்கறி வாங்குவது, முடிவெட்டுவது, வீட்டுக்குப் பேசுவது; சாயங்காலம் ஆறு மணிக்கு மறுபடி ஊழியம். நீச்சல் கூடாது, டேட்டிங் கூடாது, வண்டியைப் பின்னால் எடுக்கும்போது துணை இறங்கி நின்று கை காட்ட வேண்டும். கடைசி விதி விசித்திரமாகத் தோன்றும். ஆனால் சிறு விபத்துகள் பெரும்பாலும் ரிவர்ஸில்தான் நடக்கின்றன. நள்ளிரவு ஒரு மணி வரை போன் பார்த்துப் பழகிய பிள்ளைக்கு இந்தக் கடிகாரம் உடம்பில் ஏற மூன்று மாதம் பிடிக்கும். அந்த மூன்று மாதத்தை இங்கேயே கழித்துவிட்டால் அங்கே முதல் நாளிலிருந்தே கண்ணைத் திறந்து வேலை பார்க்கலாம்.

எல்லாவற்றிலும் பெரிய பாடம் துணை. ஊழியர்கள் இருவர் இருவராகத்தான் இருப்பார்கள், குளியலறை தவிர எங்கும் பார்வைக்கும் காதுக்கும் எட்டும் தூரத்தில். துணையை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. ஆறு வாரத்துக்கு ஒருமுறை இடமாற்றச் செய்தி வரும், மாறலாம், தொடரலாம். முதல் 12 வாரம் பயிற்சியாளரான ஒரு மூத்த ஊழியரோடு. ஒண்டுக்குடித்தனத்தில் ஏழு பேரோடு படுத்து எழுந்த நம் பிள்ளைகளுக்கு இடநெருக்கடி ஒரு பொருட்டே இல்லை, இதில் நாம் பல நாட்டவரை விட முன்னால் நிற்கிறோம். நாம் சறுக்குவது பேச்சில். துணையின் பழக்கம் ஒன்று பிடிக்கவில்லை என்றால் வாயைத் திறக்க மாட்டோம். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வோம், மூன்றாவது வாரம் பாத்திரம் கழுவுகிற இடத்தில் வெடிப்போம். பிரேசில்காரனுக்கோ கனடாக்காரனுக்கோ அந்த முகத்தைப் படிக்கத் தெரியாது. வாராந்திரத் திட்டமிடலின்போது இருவரும் உட்கார்ந்து, எது நன்றாக நடக்கிறது, எது இடிக்கிறது என்று பேசுவதற்கென்றே நேரம் வைத்திருக்கிறார்கள். அதைப் பெயரளவில் முடிக்காமல், 'நீ விளக்கைப் போட்டுக்கொண்டு எழுதுவதால் எனக்குத் தூக்கம் வரவில்லை' என்பது போலச் சின்ன விஷயத்தைச் சின்னதாக இருக்கும்போதே சொல்ல வேண்டும். தலையாட்டுவதையும் குறைக்கவும். நம் பக்கவாட்டுத் தலையாட்டல் அவர்களுக்கு ஆமாவா இல்லையா என்றே புரியாது, வாயால் சொல்லிப் பழகுங்கள்.

சமையலில் ஆறு அயிட்டம் கைவந்தால் போதும்: சாதம், பருப்பு, ரசம், முட்டைக் குழம்பு, ஏதாவது ஒரு பொரியல், கோழிக் குழம்பு. ஆண்பிள்ளையை அடுப்பங்கரைக்குள் விடாத அம்மாக்கள் இந்த ஒரு வருடத்துக்கு மனசை மாற்றிக்கொள்ள வேண்டும். குளிர் நாட்டு வீடுகளில் புகை எச்சரிக்கைக் கருவி கூரையில் இருக்கும். காய்ந்த மிளகாயும் கடுகும் தாளித்தால் அது கத்தும். கூட்டுக் கட்டிடமாக இருந்தால் எல்லோரும் தெருவில் நிற்க நேரும். அதன் பேட்டரியைக் கழற்றிவைப்பது ஆபத்து. வீட்டைச் சோதிக்க வருபவர்களிடமும் மாட்டுவார்கள். எண்ணெய் புகைவதற்கு முன்பே, அடுப்பைக் குறைத்து, ஜன்னலைத் திறந்து, மூடி போட்டுத் தாளிக்கப் பழகுங்கள்.

டீ விஷயம் தனி. 1833இல் கொடுக்கப்பட்ட 'ஞான வார்த்தை' என்ற சபையின் உடல்நல விதியின்படி டீ, காபி, மது, புகையிலை கிடையாது. வெள்ளைக்காரத் துணை 'வேண்டாம்' என்றால் யாரும் கோபிக்க மாட்டார்கள். கோலாலம்பூரிலோ லண்டனிலோ ஒரு தமிழ் வீட்டுக்குள் நீங்கள் நுழைந்தால் கதை வேறு.

"என்ன தம்பி, நம்ம ஊர்ப் பிள்ளையா இருந்துட்டு ஒரு வாய் டீகூடக் குடிக்க மாட்டியா?"

"கோச்சுக்காதீங்க ஆன்ட்டி, நான் டீ, காபி தொடுறதில்ல. மோர் இருந்தா கொடுங்க, ரெண்டு டம்ளர் குடிக்கிறேன்."

வெறுமனே மறுத்தால் அவர்கள் கை வெறுங்கையாகத் திரும்பும், அது மனசைப் புண்படுத்தும். வேறொன்றைக் கேட்டு வாங்கிக் குடிப்பதுதான் மரியாதை. சுக்கு மல்லி குடிக்கலாம், ஆனால் கடைப் பொடியில் காபித்தூள் கலந்திருக்கிறதா என்று பாருங்கள். மாதத்தின் முதல் ஞாயிறு இரண்டு வேளை உபவாசம். அன்று யாராவது விருந்துக்கு அழைத்தால் உபவாசம் முடியும் நேரத்தைச் சொல்லி அதற்குப் பிறகு போகலாம்.

போதிப்பதற்கு 2004இல் வந்து 2023இல் புதுப்பிக்கப்பட்ட வழிகாட்டிப் புத்தகம் ஒன்று உண்டு. மனப்பாடமாக ஒப்பிக்கச் சொல்வதில்லை. கேட்பவரின் தேவைக்கு ஏற்ப வரிசையை மாற்றச் சொல்கிறார்கள். நல்ல பாடம் அரை மணி நேரத்தைத் தாண்டாது. நம் பிள்ளைகளுக்குப் பேச்சு வரும், அதுவே பிரச்சினையும்கூட. கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காமல் தாங்களே பதில் சொல்லிவிடுவார்கள். கேட்டபின் பத்து நொடி வாயை மூடிக்கொண்டு இருங்கள். ஒவ்வொரு பாடமும் ஒரு சின்ன அழைப்போடு முடிய வேண்டும்: இந்தப் பக்கத்தைப் படியுங்கள், ஞாயிறு ஆராதனைக்கு வாருங்கள் என்று. இரண்டு நாளில் போன் செய்து 'படிச்சீங்களா' என்று கேட்க வேண்டும். கேட்காமல் விட்டால் அந்த ஆள் நழுவிவிடுவார்.

ஞானஸ்நானம் வரை வந்தவரை மாவட்டத் தலைவரான இன்னொரு ஊழியர் தனியாக நேர்காணல் செய்வார். தொட்டி நிரம்ப ஒரு மணிக்கு மேல் ஆகும், ஆளில்லாமல் விட்டுப் போகக் கூடாது. தண்ணீருக்குள், எடுப்பவரின் வலது மணிக்கட்டை நீங்கள் இடது கையால் பிடிக்க, அவர் தன் இடது கையால் உங்கள் இடது முன்கையைப் பிடித்துக்கொள்வார். உங்கள் வலது கையை உயர்த்தி, அவருடைய முழுப் பெயரைச் சொல்லி, ஜெப வார்த்தைகளை ஒரு சொல்லும் மாறாமல் சொல்ல வேண்டும். அதன்பின் அவர் மூக்கைப் பொத்திக்கொள்ள, உங்கள் வலது கையை அவர் முதுகின் மேற்பகுதியில் கொடுத்து முழுவதுமாக மூழ்கச் செய்ய வேண்டும். ஒரு கால் விரலோ, தலைமுடியோ, வெள்ளை அங்கியின் ஓரமோ மேலே மிதந்தால் இரண்டு சாட்சிகளும் சொல்வார்கள், மறுபடி முழுக்க வேண்டும். உயரமானவர் என்றால் முழங்காலை மடக்கச் சொல்லுங்கள். முந்தின நாள் தரையில் நின்று ஒருமுறை ஒத்திகை பார்த்தால் அன்று பதற்றம் இருக்காது.

வீட்டுக்குப் பேசுவது 2019 பிப்ரவரியிலிருந்து வாரம் ஒருமுறை, வீடியோவிலும் பேசலாம். அதற்கு முன் கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டும்தான். ஆயத்த நாள் திங்கள் என்றால், மணிலாவில் காலை 9 மணி நமக்கு ஆறரை. சால்ட் லேக்கில் காலை 9 மணி, கோடையில் நமக்கு இரவு எட்டரை, குளிர்காலத்தில் ஒன்பதரை. அந்த அழைப்பில் வாடகை பாக்கி, சீட்டுப் பணம், அக்காவின் மாமியார் சண்டை எல்லாவற்றையும் கொட்டாதீர்கள். பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பிள்ளையால் ஒன்றும் செய்ய முடியாது, வாரம் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருப்பான். பொய்யும் சொல்லாதீர்கள். 'அப்பாவுக்குச் சுகர் கூடியிருக்கு, மாத்திரை மாத்தியிருக்காங்க, நான் பாத்துக்கறேன்' என்றால் போதும்.

வீட்டில் மரணம் நடந்தால் என்ன செய்வது என்பதைப் போகும் முன்பே பேசிவிடுங்கள். பிள்ளைக்கு நேராக வாட்ஸ்அப்பில் படம் அனுப்பாமல் கிளைத் தலைவரிடம் சொல்லுங்கள். மிஷன் தலைவர் பக்கத்தில் இருந்து செய்தியைச் சொல்வார். பெரும்பாலான ஊழியர்கள் திரும்பாமல் தொடர்கிறார்கள். குடும்பத்தில் பாதி இந்துவாக இருந்து, இவன்தான் மூத்த மகன் என்றால், கொள்ளி யார் வைப்பது என்ற கேள்வி வரும். சாவு வீட்டில் அது சண்டையாக வெடிப்பதை விட, தம்பியோ சித்தப்பா மகனோ செய்வார் என்று பெரியவர்கள் முன்னால் இப்போதே முடிவெடுப்பது நல்லது. சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே உறவினர்கள் துர்உபதேசம் என்பார்கள். அவர்களிடம் வாதம் செய்து ஜெயித்துவிட்டுப் போக வேண்டாம், போய்க் கால் தொட்டு ஆசீர்வாதம் கேட்டுவிட்டுப் போகட்டும். பிள்ளை ஊரில் இல்லாத இரண்டு வருடம் வீட்டுக்கு அரிசி வாங்கிக் கொடுக்கப் போகிறவர்கள் அவர்களாகவும் இருக்கலாம்.

மனச்சோர்வு எல்லோருக்கும் வரும். அழுத்தத்தைப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நான்கு நிறமாகப் பிரித்துக் காட்டும் கையேடு ஒன்று ஊழியர்களுக்கு உண்டு. மஞ்சளில் இருக்கும்போதே, அதாவது தூக்கம் கெட்டு, சின்ன விஷயத்துக்கும் எரிச்சல் வரும்போதே, துணையிடமோ மிஷன் தலைவரின் மனைவியிடமோ சொல்ல வேண்டும். பல மிஷன்களில் உடல்நலத்தைக் கவனிப்பது அவர்தான். நம் பிள்ளைகள் சிவப்பு வரை தாங்கிக்கொண்டே போவார்கள், காரணம் வீட்டில் இருக்கும் பயம்: 'பாதியில வந்தா தெருவுல தலை காட்ட முடியுமா?' இந்த வாக்கியத்தை எந்த அப்பாவும் அம்மாவும் சொல்லக் கூடாது. நோயால் ஆறாவது மாதத்தில் திரும்பிய பிள்ளை ஆறு மாத ஊழியம் செய்த பிள்ளை. அவனை ஏர்போர்ட்டில் மாலை போட்டு அழைத்து வாருங்கள், சபையில் எல்லோரையும் போலவே சாட்சி சொல்லவிடுங்கள், காரணத்தைத் துருவாதீர்கள்.

முழுக் காலம் முடித்து வருகிறவர்களுக்கும் முதல் இரண்டு மாதம் தடுமாற்றம் இருக்கும். தலைவரைப் பார்த்து விடுவிப்பு வாங்கியதும் சட்டையில் இருக்கும் பெயர் அட்டையைக் கழற்ற வேண்டும். அதுவரை விதிகள் உண்டு. 24 மாதம் தனியாகவே இருந்திராத பிள்ளைக்கு வெறும் அறையில் உட்காரவே கூச்சமாக இருக்கும். வந்த மறுவாரமே 'வேலைக்கு என்ன வழி' என்று துளைக்காமல், அதற்கான ஏற்பாட்டைப் புறப்படும் முன்பே செய்யுங்கள். பிளஸ் டூ முடித்துப் போகிறவர்கள், திரும்பும்போது அந்தக் கல்லூரியில் வயது வரம்பு இடிக்குமா என்று கேட்டு வைக்கவும். டிகிரி நடுவில் அரியரோடு போவதை நான் ஆதரிக்கவில்லை, முடித்துவிட்டு 21 வயதில் போகலாம். ஆண்களுக்கு 25 வரை கதவு திறந்திருக்கிறது. சபையின் பி.ஒய்.யூ. பாத்வே ஆன்லைன் படிப்புக்கு எப்போது சேர்க்கை என்பதைத் திரும்புவதற்கு இரண்டு மாதம் முன்பு வீட்டார் பார்த்து வைத்தால் ஒரு செமஸ்டர் வீணாகாது. வேலைக்கு எழுதும்போது அந்த இரண்டு வருடத்தை இடைவெளி என்று விடாமல், எந்த நாடு, எந்த மொழி, எத்தனை பேருக்குப் பயிற்சியாளராக இருந்தான் என்று எழுதட்டும். மிஷன் தலைவரிடம் ஒரு பரிந்துரைக் கடிதம் கேட்டு, கையெழுத்தோடு பெட்டியில் வைத்துக் கொண்டுவர வேண்டும். ஊர் வந்தபின் கேட்டால் அதற்குள் அவரும் பதவி மாறிப் போயிருக்கலாம். தலைவர்கள் பொதுவாக மூன்று வருடம்தான் இருப்பார்கள்.